பள்ளித் திடலில் தென்துருவம்: ஒரு நாள் கண்காட்சிக்கான செய்முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில், காலை பத்து மணிக்கே 32 டிகிரி வெயில் அடிக்கும் திடலில், தென்துருவத்தை எப்படிக் காட்டுவது? பஞ்சை ஒட்டிப் பனி என்று வைப்பதும், பெங்குவின் படத்தை வெட்டிச் சுவரில் ஒட்டுவதும் எல்லாப் பள்ளியிலும் நடக்கிறது. பிள்ளைகள் ஒரு முறை பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். தென்துருவப் பயணம் உண்மையில் எடைக் கணக்கு. எத்தனை கிலோ இழுப்பது, ஒரு நாளைக்கு எத்தனை கிராம் சாப்பாடு, சேமிப்புக் கிடங்கை எந்த இடத்தில் வைப்பது என்ற கணக்குகள்தான் 1911-12இல் துருவத்தை முதலில் எட்டப் போட்டியிட்ட இரு குழுக்களில், நோர்வேயின் அமுண்ட்சென் குழுவைத் திரும்ப வரவைத்தன, பிரிட்டனின் ஸ்காட் குழுவைத் திரும்பவிடாமல் செய்தன. இந்தக் கணக்கைப் பிள்ளைகள் கையால் தூக்கி, காலால் அளந்து தெரிந்துகொள்ளும்படி ஒரு நாளை அமைக்கலாம். நான்கு ஆசிரியர்கள், ஆறேழு பெற்றோர், ஒரு ஐஸ் பெட்டி போதும்.

சொல் விஷயத்தில் முதலிலேயே ஒரு கவனம் வேண்டும். தோட்டத்துப் பிள்ளைக்குப் பனி என்றால் விடியற்காலையில் பால்மரக் காட்டில் இறங்கும் பனிதான். அதனால் அட்டைகளில் வெறுமனே 'பனி' என்று எழுதாதீர்கள். தூளாக விழுவதைப் பனித்தூள் என்றும், இறுகியதைப் பனிக்கட்டி என்றும், நிலத்திலிருந்து நீண்டு கடலில் மிதக்கும் பெரும் தட்டைப் பனித்தட்டு என்றும் எழுதுங்கள். அண்டார்டிகா ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் சதுர கிலோமீட்டர். மலேசியாவைப் போல நாற்பது மடங்குக்கு மேல். அதன்மேல் சராசரியாக 2 கிலோமீட்டர் தடிமனில் பனிக்கட்டி கிடக்கிறது. தொடக்க அட்டைக்கு இவ்வளவு போதும்.

ஐஸ்: மூன்று நாள் முன்பே தொடங்குங்கள்

பைகளில் விற்கும் குழாய் ஐஸ் சீக்கிரம் கரைந்துவிடும், அது உப்புக் கலவைக்கு மட்டும்தான் ஆகும். பனிமலை காட்டப் பெரிய கட்டி வேண்டும். 4 லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாவில் தண்ணீரை விளிம்பிலிருந்து மூன்று விரல் குறைத்து ஊற்றி உறைய வையுங்கள். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பருக்கும். விளிம்பு வரை ஊற்றினால் டப்பா வெடிக்கும். இரண்டு நாள் முழுதாக விட வேண்டும். ஒரே இரவில் எடுத்தால் மேலே ஓடு கட்டியிருக்கும், நடுவில் தண்ணீர் நிற்கும். கேண்டீன் ஐஸ் பெட்டியில் ஒரே சமயத்தில் ஆறு டப்பாக்களை அடுக்கினால் எதுவும் சரியாக உறையாது. நாளுக்கு இரண்டாக வையுங்கள்.

அன்று காலை கட்டிகளை மீன்காரரிடம் வாங்கிய ஸ்டைரோஃபோம் பெட்டியில் போட்டு, துண்டால் சுற்றி மூடுங்கள். அடியில் ஒரு பலகைத் துண்டு வைத்துக் கட்டியைத் தூக்கி நிறுத்துவது முக்கியம். கரைந்த தண்ணீரில் ஊறும் கட்டி காற்றில் இருக்கும் கட்டியைவிட வேகமாகக் கரையும்.

பனிமலைச் சோதனைக்குப் பெரிய ஒளிபுகும் தொட்டியில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு போட்ட தண்ணீர் நிரப்புங்கள். கடல்நீரின் உப்பு அளவு அதுதான். கட்டியை மிதக்கவிட்டு, பிள்ளைகளையே அடிக்கோல் பிடித்து அளக்கச் சொல்லுங்கள். கடல்நீரில் கட்டியின் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீருக்குள் இருக்கும். அளவு சற்று மாறினால் பயப்பட வேண்டாம். கட்டிக்குள் சிக்கிய காற்றுக் குமிழ்கள் அதைக் கொஞ்சம் தூக்கிவிடும்.

கடல்மட்டம் உயர்வதைக் காட்ட ஒரே அளவுள்ள இரண்டு பேசின்கள். ஒன்றில் தண்ணீரில் மிதக்கும் கட்டி. மற்றதில் தண்ணீருக்கு மேலே நீட்டி நிற்கும் கல்லின் மீது கட்டி. இரண்டும் கைமுட்டி அளவு. காலை 8 மணிக்கு மட்டத்தை மார்க்கர் பேனாவால் கோடு போட்டு, 12:30க்குப் பாருங்கள். மிதந்த கட்டி கரைந்தும் கோடு அசையாது, கல்மேல் இருந்த கட்டி கரைந்த பேசினில் தண்ணீர் ஏறியிருக்கும். இரண்டிலும் சாதாரணத் தண்ணீரே போதும். உப்புத் தண்ணீர் வைத்தால் மிதக்கும் கட்டிகூட மட்டத்தை மிகச் சிறிது உயர்த்தும், சின்னப் பிள்ளைகள் குழம்புவார்கள். கல் வழுக்கினால் கட்டி தண்ணீருக்குள் விழுந்து சோதனையே வீணாகும், அதனால் தட்டையான சொரசொரப்பான கல்லாகத் தேடுங்கள். அண்டார்டிகாவின் நிலத்துப் பனி முழுவதும் கரைந்தால் உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 58 மீட்டர் உயரும்.

குளிரைத் தொட்டுக் காட்டுவது

3 கிலோ நொறுக்கிய ஐசுக்கு 1 கிலோ கல்லுப்பு. ஒரு அடுக்கு ஐஸ், ஒரு அடுக்கு உப்பு என்று மாற்றி மாற்றிப் போட்டு மரக்கரண்டியால் கிளறினால், சில நிமிடத்தில் மைனஸ் 15 டிகிரிக்குக் கீழே போகும். உப்பும் ஐசும் சேர்ந்து எட்டக்கூடிய எல்லை மைனஸ் 21. பெரிய கட்டிகளாகப் போட்டால் இறங்காது, உப்பு தொடும் பரப்பு போதாது. சுத்தியலால் பட்டாணி அளவுக்கு நொறுக்குங்கள். சேரும் உப்புத் தண்ணீரை வடித்துவிடாதீர்கள், குளிரைப் பாத்திரம் முழுக்கக் கொண்டுபோவது அதுதான்.

இந்தக் கலவைக்குள் இரண்டு எவர்சில்வர் டம்ளர்களை இறக்குங்கள். ஒன்றில் நல்ல தண்ணீர், மற்றதில் லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் முதலில் இறுகும். உப்புத் தண்ணீர் மைனஸ் 1.9 டிகிரிக்கு வரும்வரை உறையத் தொடங்காது. மேலே கட்டும் மெல்லிய தட்டை எடுத்துக் கழுவி, நாக்கில் வைத்துப் பார்த்தால் அடியிலிருக்கும் தண்ணீரைவிட உப்பு குறைவாக இருக்கும். கடல் உறையும்போது உப்பை வெளியே தள்ளுகிறது.

பள்ளி ஆய்வுக்கூடத்து வெப்பமானி பெரும்பாலும் மைனஸ் 10 வரைதான் காட்டும். கம்பி முனையுள்ள குளிர்பெட்டி வெப்பமானி ஒன்று வாங்கிவிடுங்கள். கலவைக்குள் யாரும் விரல் விடக் கூடாது. அந்தக் குளிரில் உப்புத் தண்ணீர் தோலை எரிக்கும், ஈரக் கை டம்ளரில் ஒட்டிக்கொள்ளும். ஒரு ஆசிரியர் அந்த மேசையை விட்டு நகரக் கூடாது. முடிந்ததும் அந்தத் தண்ணீரைத் திடலிலோ செடி அடியிலோ கொட்டாதீர்கள், புல் கருகிவிடும். நிறையத் தண்ணீர் கலந்து லொங்காங்கில் (சாக்கடைக் கால்வாயில்) விடுங்கள்.

அட்டையில் எழுத: துருவத்தின் ஆண்டுச் சராசரி ஏறத்தாழ மைனஸ் 49 டிகிரி. ரஷ்யர்களின் வோஸ்டோக் நிலையத்தில் 1983 ஜூலை 21 அன்று அளந்தது மைனஸ் 89.2. உங்கள் வாளியில் இருப்பது அண்டார்டிகாவின் நல்ல நாள்.

வண்டி இழுப்பது

இதற்குப் பாக்கு மட்டையைவிட நல்ல பொருள் கிடையாது. ஒருவர் உட்கார, மற்றவர் இழுக்கும் விளையாட்டு பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். புதிதாக விழுந்த, பிளக்காத மட்டை வேண்டும். காய்ந்தது நடுவில் கிழியும். இரண்டு மட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டினால் அரைநாள் தாங்கும்.

மூன்று தடங்கள் போடுங்கள், ஒவ்வொன்றும் 6 மீட்டர். முதலாவது, சவர்க்காரத் தண்ணீர் தெளித்த கென்வஸ். இரண்டாவது, குட்டையாக வெட்டிய புல். மூன்றாவது, கட்டட வேலைக்கு வாங்கும் மணல், இரண்டு விரல் ஆழம், நன்றாகக் காய்ந்தது. மட்டையில் 10 கிலோ அரிசி மூட்டை ஒன்றை வைத்து, மீன் நிறுக்கும் கொக்கித் தராசை மாட்டி இழுத்து, எத்தனை கிலோ காட்டுகிறது என்று மூன்று தடத்திலும் எழுதச் சொல்லுங்கள். வெடுக்கென்று இழுத்தால் முள் தாவும். மெதுவாக நடந்துகொண்டே, நகரும்போது காட்டும் எண்ணைத்தான் எடுக்க வேண்டும்.

மணல் எதற்கு? பனிமேல் வண்டி வழுக்குவதற்குக் காரணம், உராயும் இடத்தில் உண்டாகும் மெல்லிய நீர்ப்படலம். குளிர் மைனஸ் 30, 40 என்று இறங்கும்போது அந்தப் படலம் உண்டாவதில்லை. பனித்தூள் மணலாகிவிடும். 1912 மார்ச்சில் ஸ்காட் குழு ராஸ் பனித்தட்டில் திரும்பி வந்தபோது இதுதான் நடந்தது. எடை குறைந்திருந்தும் இழுவை கூடிப்போனது. மணல் தடத்தில் தராசைப் பார்த்த பிள்ளைக்கு இதை இரண்டாவது முறை விளக்க வேண்டியதில்லை.

ஸ்காட்டின் ஆட்கள் தலைக்கு ஏறத்தாழ 90 கிலோ வீதம் இழுத்துப் பனியாற்றில் ஏறினார்கள். பிள்ளைகளுக்கு அந்த அளவு கூடாது. நான்கு பேர் சேர்ந்து 40 கிலோ, புல்லில் மட்டும். கயிற்றைக் கையில் பிடித்து இழுக்க விடாதீர்கள், உள்ளங்கை கிழியும். பழைய கைலியை நான்காக மடித்து இடுப்பில் சுற்றி, பின்னால் கயிற்றை முடியுங்கள். இழுக்கும் பலம் இடுப்பிலிருந்து வர வேண்டும். கயிறு இரண்டு மீட்டருக்குக் குறைந்தால் மட்டை குதிகாலில் இடிக்கும்.

அமுண்ட்சென் பக்கத்துக்கு ஒரு தனி அட்டை வையுங்கள். 1911 அக்டோபர் 19 அன்று ஐந்து பேர், நான்கு பனிவண்டிகள், 52 நாய்கள். 1912 ஜனவரி 25 அன்று திரும்பியபோது ஐந்து பேரும் நலம், நாய்கள் 11. மீதி நாய்களில் பெரும்பாலானவை வழியில் கொல்லப்பட்டு, மனிதருக்கும் மற்ற நாய்களுக்கும் இறைச்சியாயின. அது முன்கூட்டியே போட்ட திட்டம். ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் இதை மறைக்காமல் சொல்லலாம். அவர்கள் கேட்கும் கேள்விகள்தான் அன்றைய நாளின் நல்ல பகுதியாக இருக்கும்.

ஒரு நாள் சாப்பாடு

ஸ்காட் குழு மேட்டுநிலத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு வைத்துக்கொண்ட அளவு இது: பிஸ்கட் 454 கிராம், பெமிக்கன் 340, சர்க்கரை 85, வெண்ணெய் 57, தேயிலை 24, கொக்கோ 16. மொத்தம் 976 கிராம். தராசு வைத்துப் பிள்ளைகளையே நிறுத்துத் தட்டில் அடுக்கச் சொல்லுங்கள். 24 கிராம் தேயிலை எவ்வளவு பெரிய குவியல் என்பதைப் பார்த்து எல்லாரும் வியப்பார்கள்.

பெமிக்கன் என்பது காயவைத்துப் பொடித்த மாட்டிறைச்சியும் கொழுப்பும் சேர்த்து இறுக்கிய கட்டி. இங்கே பல வீடுகளில் மாட்டிறைச்சி தொடுவதில்லை. காட்சிக்கு, வறுத்துப் பொடித்த கடலைப் பருப்பைச் சம எடைக் கொழுப்பில் பிசைந்து அச்சில் அழுத்தினால் தோற்றமும் பிடியும் கிட்டத்தட்ட அப்படியே வரும். நெய்யில் பிசையாதீர்கள், நம் வெயிலில் பத்து மணிக்கே இளகிவிடும். கேக் சாமான் கடையில் விற்கும் ஷார்ட்டனிங் உருகாமல் நிற்கும். அது பெரும்பாலும் செம்பனை எண்ணெயில் செய்ததுதான், ஊர்ப் பிள்ளைகளிடம் சொல்ல ஏற்ற செய்தி.

தட்டுக்குப் பக்கத்தில் ஒரு பையில் 1.25 கிலோ அரிசி வையுங்கள். அந்தத் தட்டு தரும் ஏறத்தாழ 4,500 கலோரியை அரிசியிலிருந்து பெற அவ்வளவு வேண்டும். அரிசி ஏன் கொண்டுபோகவில்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள். மாவுச்சத்து கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு கிராமுக்கு 9. இழுக்கும் ஒவ்வொரு கிராமுக்கும் கணக்கு உண்டு. ஆனால் அந்தக் குளிரில் நாள் முழுதும் வண்டி இழுப்பவருக்கு 6,000 கலோரிக்கும் மேல் தேவை. தினமும் 1,500 குறைந்தால் உடம்பு தன்னையே தின்னத் தொடங்கும். இந்தக் கழித்தலைப் பலகையில் எழுதி, பக்கத்தில் நாள்களின் எண்ணிக்கையால் பெருக்கச் சொல்லுங்கள். அந்தத் தட்டில் வைட்டமின் சி கொஞ்சமும் இல்லை என்பதையும் எழுதுங்கள். அமுண்ட்சென் ஆட்கள் குளிர்காலம் முழுதும் அதிகம் வேகவைக்காத சீல் இறைச்சி தின்றார்கள், அதில் அது உண்டு.

இன்னொரு தவறு எளிதில் காட்டக்கூடியது. ஸ்காட் குழு நால்வருக்கென்று சாப்பாட்டையும் கூடாரத்தையும் கணக்குப் போட்டுவிட்டு, கடைசியில் ஐந்து பேராகத் துருவத்துக்குப் போனது. நால்வர் படுக்கும் பாயைத் தரையில் விரித்து, ஐந்தாவது பிள்ளையைப் படுக்கச் சொல்லுங்கள். ஐவருக்குச் சமைக்க நால்வருக்கானதைவிட நாளொன்றுக்கு அரைமணி நேரம் கூடுதலாக ஆனது.

எரிபொருளுக்கு மண்ணெண்ணெய் கொண்டுவர வேண்டாம். சாயத் தண்ணீர் ஊற்றிய இரண்டு பாட்டில் போதும். ஒன்றை மூடி இறுக்காமல், மற்றதை மெழுகால் அடைத்து, இரண்டையும் காலையில் கவிழ்த்து வையுங்கள். ஸ்காட் குழுவின் டப்பாக்களில் தோல் வளையங்கள் குளிரில் கெட்டு, கிடங்குக்குக் கிடங்கு எண்ணெய் குறைவாகவே கிடைத்தது. அமுண்ட்சென் தன் டப்பாக்களை ஈயம் வைத்து ஒட்டியிருந்தார். எண்ணெய் இல்லையென்றால் பனியை உருக்க முடியாது, சுற்றிலும் பனியிருந்தும் குடிக்கத் தண்ணீர் கிடையாது.

கயிறு

இரு குழுக்களும் துருவத்துக்குப் போன தூரத்தைத் திடலில் கயிறாக விரிப்பது இது. மற்ற எல்லாவற்றுக்கும் நேரம் இல்லாமல் போனாலும் இதை மட்டும் விடாதீர்கள். திடலில் 70 மீட்டர் நீளம் வேண்டும். அளவுகோல்: தரையில் 1 மீட்டர் என்றால் அங்கே 20 கிலோமீட்டர். ஒரு பாகை அட்சரேகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர், ஆகவே கயிற்றில் 5.55 மீட்டர். உண்மையான பாதைகள் வளைந்து போனவை, நாம் போடுவது அட்சரேகை தூரம் மட்டும். இதை அட்டையில் சொல்லிவிடுங்கள்.

ராபியா (பிளாஸ்டிக்) கயிறு இழுத்தால் நீளும், அளவு தப்பும். பருத்திக் கயிறு வாங்குங்கள். 30 மீட்டர் அளவு நாடாவை வைத்து, துருவ முனையிலிருந்து தொடங்கிச் சாயத்துணியால் முடிச்சுப் போடுங்கள். துருவத்திலிருந்து 9 மீட்டரில் முதல் முடிச்சு. 1909 ஜனவரி 9 அன்று பிரிட்டிஷ் பயணி ஷாக்கிள்டன் 88 பாகை 23 கலை (60 கலை ஒரு பாகை) வரை வந்து, சாப்பாடு போதாது என்று தெரிந்து, துருவத்தைக் கண்முன் விட்டுவிட்டுத் திரும்பிய இடம். உயிரோடு திரும்பினார். 25 மீட்டரில் அமுண்ட்சென் ஏறிய ஆக்சல் ஹைபெர்க் பனியாறு. 36 மீட்டரில் பியர்ட்மோர் பனியாற்றின் அடிவாரம், ஸ்காட் குழுவின் எட்கர் எவன்ஸ் 1912 பிப்ரவரி 17 அன்று இறந்தது அங்கே. 64 மீட்டரில் அமுண்ட்சென் தங்குமிடமான ஃபிராம்ஹைம். 68.6 மீட்டரில் ஸ்காட்டின் குடில் இருந்த கேப் எவன்ஸ். துருவ முனையில் 14 சென்டிமீட்டர் உயரக் கட்டை ஒன்று வையுங்கள். கடல்மட்டத்திலிருந்து 2,835 மீட்டர் ஏற்றம் இந்த அளவுகோலில் அவ்வளவுதான். அதே கணக்கில் சுங்கை சிப்புட் துருவ முனையிலிருந்து அரைக் கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஊர்க் கடைத்தெருவில் அந்தத் தூரம் எந்தக் கடைவாசலில் முடிகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

துருவத்தில் இரண்டு கொடிகள்: நோர்வே, 1911 டிசம்பர் 14. பிரிட்டன், 1912 ஜனவரி 17.

இப்போது 80 பாகைப் பக்கம் வாருங்கள். துருவத்திலிருந்து 55.5 மீட்டரில் 80 பாகைக் கோட்டைச் சுண்ணாம்பால் குறுக்கே போடுங்கள். அமுண்ட்சென் தன் கிடங்கை இந்தக் கோட்டில் வைத்து, கிழக்கே பத்து, மேற்கே பத்து என்று 900 மீட்டர் இடைவெளியில் இருபது மூங்கில் கொடிகள் நட்டார். நம் அளவில் 4.5 சென்டிமீட்டருக்கு ஒரு பல்குச்சி, பக்கத்துக்கு 45 சென்டிமீட்டர். வழிதப்பி வந்தாலும் ஏதாவது ஒரு கொடி கண்ணில் படும். பிள்ளைகளைக் கண்ணைக் கட்டி, ஐந்து மீட்டர் தள்ளி நிறுத்தி நடக்கவிட்டுப் பாருங்கள். தனி முளையைத் தொடுவது அரிது. இந்த வேலியில் காலாவது படும்.

ஸ்காட்டின் ஒரு டன் கிடங்கும் 80 பாகையில்தான் அமைய வேண்டியிருந்தது. 1911 பிப்ரவரியில் குதிரைகள் தளர்ந்துபோகவே 79 பாகை 29 கலையிலேயே வைத்துவிட்டார்கள். அந்த முளையைத் துருவத்திலிருந்து 58.4 மீட்டரில் அடியுங்கள். கோட்டிலிருந்து ஏறத்தாழ மூன்று மீட்டர் கேப் எவன்ஸ் பக்கமாக விழும். பிறகு 57.4 மீட்டரில் கடைசி முளை, கறுப்புத் துணி கட்டியது. ஸ்காட் குழுவில் நான்காவதாக எஞ்சியிருந்த ஓட்ஸ் மார்ச் நடுவில் கூடாரத்தை விட்டு வெளியேறிய பின், ஸ்காட், வில்சன், பவர்ஸ் மூவரும் பனிப்புயலில் சிக்கிய இடம். ஸ்காட்டின் கடைசிக் குறிப்பு மார்ச் 29. தேடிப்போனவர்கள் கூடாரத்தைக் கண்டது நவம்பர் 12.

கறுப்பு முளைக்கும் கிடங்குக்கும் நடுவில் ஒரு மீட்டர். துருவத்திலிருந்து நடந்து வரும் பிள்ளை 80 பாகைக் கோட்டை ஏற்கெனவே தாண்டி, இரண்டு மீட்டர் வந்துவிட்டிருக்கும். இங்கே ஆசிரியர் எதுவும் சொல்ல வேண்டாம். நாலைந்து பேராக நடக்கவிடுங்கள், அவர்களே குனிந்து அடிக்கோல் வைப்பார்கள். அட்டையில் 'பசியால் இறந்தார்கள்' என்று ஒரே காரணம் எழுதாதீர்கள். குறைந்த கலோரி, கசிந்த எண்ணெய், மணலான பனி, ஐந்தாவது ஆள், 80 பாகையை எட்டாமல் நின்ற கிடங்கு என்று அன்று அவர்கள் கையால் தொட்ட ஐந்தையும் எழுதி, கீழே கோடு போட்டு இடம் விடுங்கள். எது பெரியது என்று பிள்ளைகள் தங்கள் வாதத்தை அங்கே எழுதட்டும். தேர்ந்த ஆய்வாளர்களும் இன்னும் இதில் ஒத்துப்போகவில்லை.

மழை வருவதற்குள், இரண்டு மணிக்கு முன்பே முளைகளைப் பிடுங்கிவிடுங்கள், திடலில் பந்தாடுபவர் காலில் குத்தும். கயிற்றை கேப் எவன்ஸ் முனையிலிருந்து சுற்றுங்கள். துருவ முனை வெளியே வந்தால்தான் அடுத்த முறை அங்கிருந்தே அளந்து விரிக்க முடியும்.